மார்கழி மாடித்தோட்டத்தில் கோளாறா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

தை மாதத்தில் செடியில் தெரியும் கோளாறுகளில் பாதிக்கு மேல் புரட்டாசியிலேயே விதைத்தவை. செடி வளர்க்கும் பையை எங்கே வைத்தோம், எந்த ரகத்தை வாங்கினோம், எந்த வாரம் விதைத்தோம் என்ற மூன்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்போது என்ன செய்யலாம் என்பதோடு, அடுத்த பட்டத்துக்கு (விதைப்புப் பருவத்துக்கு) திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. சிலவற்றுக்கு இந்த ஆண்டு வைத்தியமே இல்லை; அதையும் மறைக்கவில்லை.

இது சமவெளிக்கான வழிமுறை. சென்னை, திருச்சி, மதுரை, கோவை போன்ற ஊர்களில் ஜனவரி இரவுகள் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரிக்குள் இருக்கும், பகல் 30 டிகிரியை ஒட்டும். உறைபனி விழும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கணக்கு வேறு.

செடி நெடுநெடுவென்று வளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்கிறது, காய்ப்பு இல்லை

முதலில் இதைப் பாருங்கள். வெயில் போதாத செடிக்கு எந்த உரம் போட்டாலும் வீண்.

கோடையில் நன்றாக வெயில் பட்ட இடம் மார்கழியில் நிழலாகிவிடும். ஏப்ரல் கடைசியில் சென்னையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. டிசம்பர் 21 வாக்கில் அதே உச்சிப் பொழுதில் சூரியன் தெற்கே சாய்ந்து 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். விளைவு, தெற்குப் பக்கத்து மூன்றடிக் கைப்பிடிச்சுவர் நண்பகலிலேயே இரண்டேகால் அடி நீள நிழலை மாடிக்குள் தள்ளுகிறது. காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் அந்தச் சுவரிலிருந்து நிழல் மூன்றடி வரை உள்ளே வரும். தெற்குச் சுவரை ஒட்டி அடுக்கிய பைகளுக்கு மார்கழியை ஒட்டிய இரண்டு மாதமும் வெயில் ஏறக்குறைய கிடையாது.

சரிபார்க்க ஒரு சாக்பீஸ் போதும். மார்கழியில் ஒரு விடுமுறை நாளில் காலை ஒன்பது, பன்னிரண்டு, மூன்று ஆகிய நேரங்களில் தரையில் நிழலின் விளிம்பைக் கோடு போட்டு வையுங்கள். மூன்று கோட்டுக்கும் வெளியே இருக்கும் தரைதான் தக்காளி, கத்தரி, மிளகாய், காலிஃபிளவருக்கு. அவற்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். நடுவில் சிக்கும் இடத்தில் கீரையும் கொத்தமல்லியும் புதினாவும் நான்கு மணி நேர வெயிலில் சமாளித்துக்கொள்ளும்.

நகர்த்த இடமில்லை என்றால் உயர்த்துங்கள். ஒரு அடி உயரப் பையை ஒன்றரை அடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினால் மண்ணின் மேல்மட்டம் சுவரின் விளிம்புக்கு அரையடி கீழே வந்துவிடும். நிழல் சிக்கல் தீர்ந்தது. ஸ்டாண்டின் கால்கள் மாடியின் நடுவே நிற்காமல் சுவரை அல்லது அடியில் உத்தரம் ஓடும் இடத்தை ஒட்டி நிற்கட்டும். 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள பை 40 லிட்டர் கலவை கொள்ளும். மழையில் ஊறினால் அதை ஒருவர் தூக்க முடியாது.

விதை முளைக்கவில்லை, அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கிறது

மீதமுள்ள விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். முள்ளங்கி நான்கு நாளிலும், தக்காளி ஏழெட்டு நாளிலும், கேரட் பத்துப் பதினைந்து நாளிலும் முளை காட்ட வேண்டும். பத்தில் ஆறுக்குக் குறைந்தால் விதையே பழசு. கேரட்டும் வெங்காயமும் சீக்கிரம் முளைப்புத்திறன் இழப்பவை. போன வருடம் பிரித்த பாக்கெட்டை நம்ப வேண்டாம்.

துணியில் முளைத்து மண்ணில் முளைக்கவில்லை என்றால் ஆழத்தைப் பாருங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கேரட்டுக்கு அது கால் அங்குலம்கூட இல்லை. அவ்வளவு மேலே கிடக்கும் விதைக்கு மேல்மண் ஒரு மதியம் காய்ந்தாலே கதை முடிந்துவிடும். விதைத்த பையின் மேல் பழைய சணல் சாக்கை நனைத்துப் போட்டு, முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் முளை சாக்குக்குள் நுழைந்து சாக்கோடு வந்துவிடும்.

கொத்தமல்லி விதையை முழுசாகப் போடக் கூடாது. சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். வெண்டைக்கு இரவுக் குளிர் பிடிக்காது, மார்கழியில் முளைக்கத் தயங்கும். அதைத் தையின் பிற்பகுதிக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

முளைத்த நாற்று அடித்தண்டு சுருங்கித் தரையோடு சாய்கிறது

மண்மட்டத்தில் தண்டு நீர்கோத்து நூல்போல மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தக்காளி, மிளகாய், கோஸ் நாற்றுகளில் தவறாமல் வரும். விழுந்த நாற்று பிழைக்காது. அதையும் சுற்றியுள்ள மண்ணையும் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, மீதிக்குத் தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டமான இடத்துக்குத் தட்டை மாற்றுங்கள். நிறைய விழுந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். அதை ஊற்றிய மண்ணில் இரண்டு வாரத்துக்கு நோயைத் தடுக்கும் நல்ல நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் எதுவும் போடாதீர்கள், காப்பர் மருந்து அவற்றைக் கொன்றுவிடும்.

மருந்தைவிடத் தடுப்பு மலிவு. 10 கிலோ மக்கிய தொழு உரத்தில் 100 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, சாக்கால் மூடி நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்து பிறகு மண்கலவையில் சேர்க்க வேண்டும். ஐப்பசி முதல் வாரத்தில் விதைப்பதென்றால் புரட்டாசி நடுவிலேயே இதைத் தொடங்கியிருக்க வேண்டும். நாற்று விடும் குழித்தட்டு மழை நேராக விழாத இடத்தில், தகரக் கூரை விளிம்பிலிருந்து சொட்டும் இடத்துக்கு வெகுதூரத்தில் இருக்கட்டும்.

மழை ஓய்ந்ததும் இலை மஞ்சளாகிறது

இங்கேதான் அதிகம் பேர் தவறான வைத்தியம் செய்கிறார்கள். மஞ்சள் மூன்று வகை. எந்த இலை, எந்த இடத்தில் மஞ்சள் என்று பார்த்தால் போதும்.

அடியிலுள்ள பழைய இலைகள் நரம்போடு சேர்ந்து முழுசாக வெளுத்து, செடி மொத்தமாக வெளிறித் தெரிந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மழையில் கழுவிப் போயிருக்கிறது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் சேர்த்த கலவையில் இது சீக்கிரம் வரும், அதில் சொந்தமாகச் சத்து ஏதும் இல்லை. 100 கிராம் கடலைப்பிண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, பைக்கு அரை லிட்டர் வீதம் வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். நாற்றம் இரண்டு நாள் இருக்கும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நுனியிலுள்ள இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோல நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. உப்புக் கலந்த போர்வெல் தண்ணீரால் மண் காரமாகி, வேரால் எடுக்க முடியாமல் போயிருக்கும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதோடு சில சொட்டு எலுமிச்சைச் சாறு, காலை வெயில் ஏறும் முன் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. கார்த்திகையில் மாடியில் விழும் மழைநீரை நான்கைந்து டிரம்களில் பிடித்து வைத்தால் மார்கழி முழுக்க இந்தத் தொல்லை குறையும். டிரம்மைக் கொசுவலை போட்டு மூடுங்கள்.

மூன்றாவது, இலை மஞ்சளாகி, மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடித் தொங்குவது. இதைப் பார்த்துவிட்டு இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் செடியைக் கொல்கிறது. வேர் மூச்சுத் திணறிக் கிடக்கிறது. பையை ஒரு பக்கமாகச் சாய்த்து அடியைப் பாருங்கள். துளைகள் இருக்கும், ஆனால் பையின் அடி தளத்து ஓட்டோடு ஒட்டிக்கொண்டு துளையை அடைத்திருக்கும். அல்லது சன்ன வேரும் களிமண்ணும் சேர்ந்து துளைக்குள் தக்கை அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும். விரலால் தடவினால் வழவழவென்று, முகர்ந்தால் புளித்த வாடை. பழைய குடைக்கம்பியைக் கொண்டு துளையைக் குத்தித் திறந்து, அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே பக்கவாட்டில் இன்னும் நான்கு துளை போட்டு, பையை இரண்டு செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். வேர் பழுப்பாகிக் கையோடு உரிந்து வந்தால் அந்தச் செடியை விட்டுவிடலாம்.

கலவை செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கிய எரு ஒரு பங்கு. களிப்பான மண்ணென்றால் அதைக் குறைத்து அரைப்பங்கு ஆற்றுமணல் சேர்க்க வேண்டும். கோகோபீட் கட்டியை ஊறவைத்த நீரை இரண்டு மூன்று தடவை வடித்துக் கொட்டிய பிறகே கலக்க வேண்டும், உப்பு இருக்கும்.

முள்ளங்கி, கேரட், பீட்ரூட்: மேலே இலை, கீழே ஒன்றுமில்லை

நெருக்கம்தான் முதல் சந்தேகம். கேரட்டுக்கு 2 அங்குலம், முள்ளங்கிக்கும் பீட்ரூட்டுக்கும் 4 அங்குல இடைவெளி வேண்டும். பீட்ரூட்டில் நாம் விதை என்று போடுவது பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒன்று போட்டால் மூன்று நான்கு முளைக்கும். அதனால் அளந்து விதைத்தவர் தோட்டத்திலும் நெருக்கம் வரும். முளைத்த பன்னிரண்டாம் நாள் வாக்கில் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடிவிடும். களைந்த தளிர்களைப் பொரியலில் போடலாம்.

நெருக்கமில்லை, ஆனாலும் கிழங்கு இல்லை என்றால் ஒன்று நிழல், இல்லை தழைச்சத்து மிகுதி. பிண்ணாக்குக் கரைசலை நிறுத்திவிட்டுப் பைக்கு ஒரு கைப்பிடி மரச்சாம்பல் தூவி மண்ணோடு கிளறுங்கள்.

கேரட் இரண்டு மூன்று காலாகப் பிரிந்திருந்தால் கல், மக்காத எரு, அல்லது நாற்று பிடுங்கி நட்டது, இம்மூன்றில் ஒன்று. கேரட்டும் முள்ளங்கியும் நேரடியாக விதைக்க வேண்டியவை. மண்ணைச் சல்லடையில் சலித்து, 12 அங்குல ஆழப் பையில் நிரப்புங்கள். சமவெளிக்கு பூசா கேசர், பூசா ருதிரா போன்ற நம் நாட்டு வெப்பம் தாங்கும் ரகங்களே தோது. நல்ல ஆரஞ்சு நிறம் வர 15 முதல் 20 டிகிரி வேண்டும். அதனால் கடையில் ஊட்டி கேரட்டோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

முள்ளங்கி உள்ளே பஞ்சாக இருந்தால் அறுவடை தாமதம். நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் எடுத்துவிட வேண்டியதுதான். தரையில் விட்டுவைத்தால் பெருக்காது, வெண்டாகிவிடும்.

காலிஃபிளவரில் எலுமிச்சை அளவு பூ, அல்லது பூவே இல்லை

இரண்டும் எதிரெதிர்த் தவறுகள். இலை அகலமாகப் பரந்து செழித்திருந்தும் பூ வைக்கவில்லையென்றால் குளிர்நாட்டு ரகம் வாங்கியிருக்கிறீர்கள். அந்த வகைக்குப் பூக்கட்ட 10 முதல் 16 டிகிரி வரை வேண்டும். சென்னைக்கு அது எந்த மாதத்திலும் வராது. அந்தச் செடிக்கு இந்த ஆண்டு செய்ய எதுவுமில்லை. இளம் இலைகளைக் கீரையாகச் சமைத்துவிட்டுப் பையைக் காலி செய்யுங்கள். அடுத்த முறை 20 முதல் 27 டிகிரியில் பூக்கட்டும் முன்பருவ ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

செடி சின்னதாக இருக்கும்போதே பொத்தான் அளவில் பூ வந்து நின்றுவிட்டால், நாற்று முதிர்ந்த பிறகு நட்டது அல்லது நட்டதும் தழைச்சத்துக்குப் பட்டினி கிடந்தது காரணம். நாற்றுக்கு 25 நாள், அதிகம் போனால் 30. நர்சரியில் குழித்தட்டுக்கு அடியில் வேர் பின்னிக்கொண்டு, தண்டு ஊதா நிறமாகி நிற்கும் நாற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நட்ட இரண்டாம் வாரத்திலும் ஐந்தாம் வாரத்திலும் பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரமும் பிண்ணாக்குக் கரைசலும் தவறக் கூடாது.

பூவில் பழுப்புத் திட்டும், தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பொந்தும் இருந்தால் போரான் குறைவு. போராக்ஸ் லிட்டருக்கு ஒரு கிராம், இரண்டு வார இடைவெளியில் இரண்டு தெளிப்பு, அதற்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் இலை ஓரம் கருகும். வெறுமனே பூ மஞ்சளானால் அது வெயில். பூ கோலிக்குண்டு அளவு தெரிந்ததும் வெளி இலைகளை மேலே கூட்டி வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள்.

அவரைக் கொடி பந்தல் நிறையப் படர்ந்தும் பூ இல்லை

எப்போது விதைத்தீர்கள்? நாட்டுக் கொடியவரைக்குப் பூக்கக் குறுகிய பகல் வேண்டும். சென்னையில் ஜூனில் பகல் 12 மணி 50 நிமிடத்தை ஒட்டும், டிசம்பரில் 11 மணி 20 நிமிடத்துக்கு இறங்கும். ஆடிப்பட்டத்தில் போட்ட கொடி பகல் குறையக் குறைய வளர்ச்சியை நிறுத்திப் பூவுக்குத் திரும்பி, கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தையில் போட்டால் பகல் நீளும் பருவத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த ஐப்பசி வரை இலையாகவே இருக்கும். உரம், கவாத்து, பஞ்சகவ்யா எதற்கும் அது மசியாது. ஆடியில் விதைத்தது மார்கழியிலும் பூக்காவிட்டால் இரவில் விளக்கு வெளிச்சம் படுகிறதா என்று பாருங்கள். தெருவிளக்கையோ மாடி விளக்கையோ ஒட்டிய பந்தலில் இது நடக்கும். தைப்பட்டத்துக்கு அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்தவரை ரகம் வாங்குங்கள்.

மிளகாய், தக்காளி இலை சுருள்கிறது

சுருளும் திசையே விடை. மிளகாயில் இலை ஓரம் மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, இலை தடித்துக் கரடுமுரடானால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் கரைசல். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை முதலில் 2 மில்லி திரவ சோப்போடு நன்றாகக் குழைத்து, பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். பால்போல வெளுக்காமல் எண்ணெய் மிதந்தால் இலை வெந்துவிடும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம். எண்ணெயும் கந்தகமும் இரண்டு வாரத்துக்குள் ஒரே செடியில் படக் கூடாது.

தக்காளியில் அடியிலைகள் மட்டும் உருண்டு, தோல்போல விறைத்து, நிறம் மாறாமல் இருந்தால் அது நோயல்ல, மழைக்குப் பிறகு செடி செய்வது, விட்டுவிடுங்கள். நுனி இலைகள் சின்னதாகி, நெருங்கி, மஞ்சள் ஓரத்தோடு சுருண்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மருந்தில்லை. வேரோடு பிடுங்கிப் பைக்குள் கட்டி அப்புறப்படுத்துங்கள். மாசியில் வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். எனவே தக்காளி நாற்றை ஐப்பசி, கார்த்திகையில் நட்டுத் தையில் பறிக்கும்படி திட்டமிடுவது பாதி பாதுகாப்பு.

இலைமேல் வெள்ளைப் பொடி

பகல் வெயிலும் இரவுப் பனியும் சேர்ந்த மாதங்களில் வெண்டை, பூசணி, புடலை, பீர்க்கையில் சாம்பல் நோய் வருவது வழக்கம். முற்றிய இலைகளை வெட்டி எடுத்து, நனையும் கந்தகம் 2 கிராம் கணக்கில் தெளிக்கலாம். வெள்ளரி வகைகளில் முதலில் ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள், சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. மாலையில் பூவாளியால் தலையோடு ஊற்றும் பழக்கத்தை விட்டு, காலையில் வேரடியில் ஊற்றுங்கள்.

குருத்தில் கறுப்பாக அப்பியிருக்கிறது, எறும்பு ஏறுகிறது

அசுவினி. பனி மாதங்களில் அவரையிலும் கோஸிலும் வராமல் இருந்தால்தான் அதிசயம். மூன்று நாள் தொடர்ந்து காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு மேலே சொன்ன வேப்பெண்ணெய். எறும்பு அசுவினியின் தேன்கழிவுக்காக அதைக் காவல் காக்கும், ஆகவே தண்டைத் தளத்தோடும் சுவரோடும் இணைக்கும் கயிறு, குச்சியையும் கவனியுங்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு முதலைக்குட்டி மாதிரி ஒரு புழு ஊர்ந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். பொறிவண்டின் குஞ்சு, நாள் முழுக்க அசுவினி தின்பது. அது இருக்கும் செடிக்கு மருந்து வேண்டாம்.

கோஸ், காலிஃபிளவர் இலையில் கண்ணாடி ஜன்னல்போல மெல்லிய ஓட்டைகள், தொட்டால் துள்ளி நூலில் தொங்கும் சின்னப் பச்சைப் புழு என்றால் வைரமுதுகு அந்துப்பூச்சி. பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் (புழுவைக் கொல்லும் பாக்டீரியா) தூள் லிட்டருக்கு 2 கிராம், மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயிலில் அது வீரியம் இழக்கும். கோஸ் நடுவதற்குப் பத்து நாள் முன்பே பக்கத்துப் பையில் ஒரு பிடி கடுகு விதைத்துவிட்டால் அந்துப்பூச்சி அங்கே முதலில் போகும், அந்தக் கடுகுக்கு மட்டும் மருந்தடித்தால் போதும்.

கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடுகிறது

சூடு, மண் காய்வது, நெருக்கம். பூத்த பிறகு திருப்ப முடியாது, விதைக்கு விட்டுவிடுங்கள். ஐப்பசி நடுவிலிருந்து தை நடு வரை பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு சிறு தட்டில் விதைத்தால் நாற்பது நாளுக்குள் பறித்து முடித்துவிடலாம். மாசிக்குப் பிறகு விதைப்பதை மதிய வெயில் படாத இடத்துக்கு மாற்ற வேண்டும்.

ஒரே வாரத்தில் எல்லாம் விளைந்து, பிறகு மாதம் முழுக்க ஒன்றுமில்லை

இது செடியின் நோயல்ல, ஒரே நாளில் எல்லாப் பையையும் விதைத்ததன் பலன். நான்கு பேர் குடும்பத்துக்கு இருபது பை இருந்தால், ஐப்பசியில் ஐந்தில் தக்காளி, கத்தரி நாற்றும், கார்த்திகை முதல் வாரத்தில் நான்கில் காலிஃபிளவர், கோஸும், மூன்றில் கேரட்டும் வையுங்கள். இரண்டு பைகளை முள்ளங்கிக்கென்று ஒதுக்கி, கார்த்திகையில் ஒன்று, பதினைந்து நாள் கழித்து இன்னொன்று என்று விதையுங்கள். பீட்ரூட்டுக்கு இரண்டு, அதே இடைவெளியில். மிச்ச நான்கும் கீரைக்கு: வெந்தயக்கீரையும் சிறுகீரையும் 25 நாள், பாலக் 35 நாள். ஒரு பையைப் பறித்ததும் அதே கீரையை அதே பையில் போடாமல் மேல்மண்ணைக் கிளறி, இரண்டு கைப்பிடி எருவும் ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்து, ஒரு வாரம் ஆறவிட்டு, வேறு கீரையை விதையுங்கள். முள்ளங்கிப் பை மார்கழிக் கடைசியில் காலியாகும். அதில் தை பிறந்ததும் கொத்தவரை போடலாம். கேரட் மாசியில் எடுத்ததும் அந்தப் பைகள் வெண்டைக்கு.